கூலி இழவாத ஒரு நாள்

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்பன அவை. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நோக்குங்கால் ஐந்தாவதாக ஒன்றைக் கூட்ட விழைகிறோம். அது நாள், கூலி இழவாத ஒரு நாள்.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் ஆங்கோர் இரும்பாலையில் ஒப்பந்தக் கூலி. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அச்சோதனையும் காசநோய் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். எனினும் ஷிப்டு முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியே மூன்று மாதங்களைக் கழித்தார். இதனை அறியாமை என்பது எளிது. அவர் போட்ட கணக்கோ வேறு.

1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் தொழிலாளர்க்குப் பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. பதிவு பெற்றவர்க்கு மருத்துவம் முதல் நாளிலிருந்தே உண்டு. ஊதிய ஈடு அவ்வாறன்று. ஆறு திங்கள் கொண்ட பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும். அங்ஙனம் இருப்பினும் நோய் விடுப்பின் முதலிரு நாள்களுக்கு ஈடு இல்லை. மூன்றாம் நாள் முதலே ஊதியத்தில் 70 விழுக்காடு கிட்டும். ஏழைத் தொழிலாளியின் காய்ச்சலோ பெரும்பாலும் அவ்விரு நாளுக்குள் அடங்கிவிடுவது! அடங்காவிடினும் அவர் அடக்கிக்கொள்கிறார்.

காசநோய் போன்ற நெடுநோய்களுக்கு 80 விழுக்காடு ஈடு நெடுநாள் கிடைக்க வழியுண்டு. அதற்கு இரண்டாண்டுத் தொடர்பணி வேண்டும். மேற்சொன்னவர் அவ்வாலையில் உழைத்தது ஏழாண்டு. ஆயின் ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் அவர் பெயர் ஏட்டிலிருந்து நீங்கிச் சில திங்கள் கழித்தே மீண்டும் ஏறியது. உலை முன் நின்றது ஏழாண்டாக, ஏட்டில் நின்றது பதினொரு திங்களே.

ஒப்பந்தக்காரர் செலுத்தத் தவறிய சந்தாவுக்கு ஆலை முதலாளியே பொறுப்பு என்பது சட்டம். அதனைக் கேட்கத் துணிபவர் மறுநாள் வாயிலில் அழைக்கப்படுவாரா என்பதே அங்குள்ளோர் அச்சம். பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தோர்க்கு நோவைச் சொல்லும் மொழியும் தடையாகிறது.

அவர் ஆறு திங்கள் மருந்துண்டு நலமுற்றார். அதுகாறும் ஊட்டத்துக்கென அரசு தந்தது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் அது 1,000 ஆயிற்று. வீட்டு வாடகையை அடைத்தவர் மகன். மூன்றாம் பருவத் தேர்வை அவர் எழுதவில்லை.