ஆபத்துக் காலமும் ஸ்தல ஸ்தாபனங்களின் பணமும்

உடன்குடிப் பக்கத்துத் தேரி மணலில், விடியுமுன் பனையேறப் போன ஒருவர் மரத்திலிருந்து தவறி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனிருப்பவர் டெலிபோனை எடுத்து 108 என்ற எண்ணை அழைக்கிறார். அந்தக் குரல் போய்ச் சேருவது திருச்செந்தூருக்கு அன்று, தூத்துக்குடிக்கும் அன்று. சென்னைப் பட்டணத்திலுள்ள ஒரு பெரிய அறைக்கு. எந்த விளை, எந்தப் பாதையில் வந்தால் வண்டிச் சக்கரம் மணலில் புதையாது என்பதையெல்லாம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்ல நாம் வரவில்லை. 2008-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தமிழ்நாட்டில் ஆரம்பமான இந்த ஊழியத்தில் இன்று 1,300-க்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. செலவை மாநில சர்க்காரும், தேசிய சுகாதார இயக்கத்தின் மூலமாக மத்திய சர்க்காரும் ஏற்றுக்கொள்கின்றன. அழைக்கும் ஏழைக்கு ஒரு காசு செலவில்லை. தீயணைப்புப் படையும் அவ்வாறே மாநில சர்க்காரின் இலாகா. ஆகவே உடன்குடி, சாத்தான்குளம், ஆறுமுகனேரி போன்ற பேரூராட்சிகள் இவ்விஷயத்தில் தம் பணப்பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பணம் கொடுக்காதவர்களுக்குப் பேச்சும் இல்லாமற் போயிற்று. வண்டி எங்கே நிற்பது, இரவில் யார் காத்திருப்பது, மணல் பாதைக்கு எத்தகைய வாகனம் ஏற்றது என்பவற்றில் இவ்வூர்களின் அபிப்பிராயம் மனுவாக மட்டுமே போகிறது. மனுக்களின் கதி வாசகர்கள் அறிந்ததே.

இதனால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டின. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில், ஏறக்குறைய 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சாலை அறுந்தது, பல இடங்களில் மின்சாரமும் டெலிபோனும் அறுந்தன. சென்னையிலிருக்கும் அறை எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், அழைப்பே போய்ச் சேராதபோது என் செய்யும்? படகு வைத்திருந்தவர்களும், லாரி வைத்திருந்தவர்களும், அரிசி வைத்திருந்தவர்களும் அந்த நாட்களில் தாமாகவே கிளம்பினார்கள். ஆனால் எந்த ஊரில் யார் தத்தளிக்கிறார்கள், யாரிடம் என்ன சாதனம் இருக்கிறது என்று கேட்டறிந்து ஏவுவதற்கு இப்பிரதேசத்திலேயே ஒரு பொது இடம் தேவை என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

அத்தகைய கட்டுப்பாட்டு அறை ஒன்றை இவ்வூர்கள் கூடி, செலவைப் பகிர்ந்து நடத்த வேண்டுமென்பதே நமது யோசனை. வண்டியும் சிப்பந்தியும் சர்க்காருடையவையாகவே இருக்கட்டும். ஓர் அறை, கம்பியில்லாத் தந்திக் கருவி, இரவும் பகலும் மாறி மாறி இருக்கும் நாலைந்து ஊழியர்கள், படகு, மரம் அறுக்கும் கருவி, இவற்றின் ஜாபிதா, உள்ளூர்ப் பாதைகளின் படம் ஆகிய இவ்வளவே வேண்டும். உடன்குடி தனியாக இதைத் தாங்காது. பத்து ஊர்கள் சேர்ந்தால் ஒவ்வொன்றின் பங்கும் தெருவிளக்குச் செலவைவிட அதிகமாகாது என்பது நம் எண்ணம்.

ஊர்கள் கூடிச் செலவு செய்வது இப்பக்கத்தில் புதிய வழக்கமும் அன்று. தாமிரபரணித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் மூலம்தானே எத்தனையோ ஊர்களுக்கு வருகிறது! சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் பிற ஸ்தல ஸ்தாபனங்களுடன் கூட்டுக் குழு அமைக்க இடந்தருகிறது. அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க காரியங்களுள் ஏழாவதாக நிற்பது தீயணைப்பு ஊழியமே.

பிற தேசத்தார் அனுபவமும் கவனிக்கத்தக்கது. வடமேற்கு இங்கிலாந்தில் கம்ப்ரியா, லாங்கஷையர், செஷையர், மான்செஸ்டர் பெருநகரம் ஆகிய நான்கு பிரதேசங்களின் தீயணைப்பு அதிகார சபைகளும் சேர்ந்து 2014-இல் வாரிங்டன் நகரில் ஒரே கட்டுப்பாட்டு அறையை ஏற்படுத்தின. செலவு மிச்சமாயிற்று. ஆனால் 2017 மே 22-ஆம் தேதி மான்செஸ்டர் இசையரங்கில் வெடிகுண்டு வெடித்து 22 பேர் மாண்டபோது, தீயணைப்புப் படையினர் அவ்விடம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. செய்தி வந்துகொண்டிருந்தும் ஏவுகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் இடையே கலந்தாலோசனை சரியாக நடக்கவில்லை என்று பின்னர் நடந்த விசாரணைகள் கண்டன. பணப்பை ஒன்றானால் போதும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கலாகாது. வருஷத்துக்கு இரண்டு முறையாவது எல்லா ஊரும் சேர்ந்து ஒத்திகை நடத்தாத அறை, பூட்டிக் கிடக்கும் அறைக்குச் சமானமே.

இனி, யார் எவ்வளவு கொடுப்பது? சண்டை மூளும் இடம் இதுதான். ஜனத்தொகைப்படி என்றால், குலசேகரப்பட்டினம் கொஞ்சமே கொடுக்கும். ஆனால் தசரா சமயத்தில் முத்தாரம்மன் சந்நிதியில் கூடுகிற லட்சக்கணக்கான ஜனங்கள் அந்தக் கணக்கில் ஏறமாட்டார்கள். அழைப்புகளின் எண்ணிக்கைப்படி என்றாலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டு விழும் வெளியூர்க்காரனுக்காக மணப்பாடு ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி எழும். அதைவிட விபரீதம், செலவுக்குப் பயந்து அழைக்க வேண்டாமென்று ஊரே சொல்லும் நிலைமை வந்துவிடலாம். அழைப்புக்கு விலை வைப்பதை நாம் அடியோடு ஆட்சேபிக்கிறோம்.

நியாயமான வழி வேறு. அடிப்படைச் செலவை ஜனத்தொகைப்படி ஊர்கள் பகிரட்டும். விசேஷ அபாயத்தை உண்டாக்குகிறவர்கள் விசேஷப் பங்கு செலுத்தட்டும். உடன்குடியில் 660 மெகாவாட் யந்திரங்கள் இரண்டைக் கொண்ட அனல் மின்நிலையம் எழும்பியிருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. திருச்செந்தூர்த் தேவஸ்தானத்துக்கு வருமானமும் உண்டு, சஷ்டிக் கூட்டமும் உண்டு. இவை மூன்றும் தத்தம் காவல் ஏற்பாடுகளைத் தத்தம் மதிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மதிலுக்கு வெளியே கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசையில் தீப்பிடித்தால் எங்களுக்கென்ன என்றிருப்பது தகாது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் பெயர் தேசமெங்கும் பரவிற்று. அதைக் காய்ச்சுகிறவர்களின் கூரைக்கு ஒரு தண்ணீர்க் குழாயாவது கிடைக்க வேண்டாமா?

ஏழைப் பேரூராட்சிகளின் மேல் சர்க்கார் தன் கடமையைத் தள்ளிவிட இது வழிசெய்யும் என்று நண்பர்கள் சிலர் எச்சரிக்கலாம். பயம் வீணானதன்று. ஆகையால் வண்டி, மருந்து, சம்பளம் ஆகியவற்றில் சர்க்கார் ஒரு காசும் குறைக்கலாகாது என்பதைத் தீர்மானத்தின் முதல் வாசகமாகவே எழுத வேண்டும். 2023-இல் மத்திய சர்க்கார் தீயணைப்புப் படைகளை விஸ்தரிக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்து, மாநிலங்களையும் பங்கு போடச் சொல்லியிருக்கிறது. அதில் இப்பிரதேசத்துக்கு என்ன வருகிறது என்று கேட்கும் வாய் ஊர்கள் ஒன்றுகூடினால்தான் பலம் பெறும்.

தசராக் கூட்டம் கலைந்தால் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதற்கு முன்னதாக உடன்குடிப் பேரூராட்சி, பக்கத்து ஊர்த் தலைவர்களையும் திருச்செந்தூர் நகராட்சியாரையும் அழைத்து, கூட்டுக் குழுவுக்கான தீர்மானத்தை மேஜைமேல் வைக்கட்டும். இடம் கிடைக்காவிட்டால் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே கூடலாம்.