உடைந்த மட்டையில் பிறந்த நம்பிக்கை

மராட்டிய மாநிலத்தில், புனே அருகே உள்ள ஊர் கட்கி. அங்குள்ள ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்தது. தந்தைக்கு மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. சம்பளம் சொற்பம், பிள்ளைகளோ பலர்.

அந்த வீட்டில் 1968-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பிறந்தவர்தான், பின்னாளில் இந்திய ஹாக்கி அணியின் தலைவரான தன்ராஜ் பிள்ளை.

சேற்றில் பயிற்சி

புது மட்டை வாங்க வசதி இல்லை. உடைந்த மட்டையும், பிறர் கழித்துப் போட்ட பந்தும்தான் கிடைத்தன. காலை இழுக்கும் சேற்று மைதானத்தில், முகமது ஷாகித்தைப் போல பந்தைக் கடத்திச் செல்லப் பழகினான் சிறுவன் தன்ராஜ்.

"சாப்பாட்டுக்கே வழி இல்லை, விளையாட்டு ஒரு கேடா?" என்று கேட்கும் வீடுகள் உண்டு. தாய் ஆண்டாளம்மா அப்படிக் கேட்கவில்லை. ஐந்து மகன்களையும் ஆடச் சொன்னார்.

அண்ணன் காட்டிய வழி

அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆர்.சி.எப். உரத் தொழிற்சாலை அணியில் ஆடி வந்தார். அவரை நம்பித் தம்பியும் மும்பைக்கு வந்தார். அண்ணன் முன்னால் வருவதும், தம்பியை அழைத்துக் கொள்வதும் நம்மவர்கள் அறிந்த வழிதானே!

பிறகு மகிந்திரா அணியில் இடம் கிடைத்தது. 1989-ல் இந்திய அணிக்குத் தேர்வானார்.

1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில், அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. ஹாக்கியில் 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது!

கண்ணீர்

ஆனால், தங்கத்தோடு திரும்பியவருக்கு அடுத்து அணியில் இடம் இல்லை. அவர் மட்டையைக் கீழே போடவில்லை. மீண்டும் அணிக்குள் வந்தார்.

2000-ல் சிட்னி ஒலிம்பிக். போலந்துடன் நடந்த ஆட்டத்தில் வென்றால் அரை இறுதி. முன்னணியில் இருந்தது இந்தியா. ஆட்டம் முடிய 2 நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து கோல் போட்டுச் சமன் செய்தது. வாய்ப்பு பறிபோனது. தன்ராஜ் அழுதார்.

அதன் பிறகும் ஆடினார். 2003-ல் அவர் தலைமையில் இந்தியா முதல் முறையாக ஆசியக் கோப்பையை வென்றது. 2004-ல், 36 வயதில், தமது 4-வது ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை கிட்டவில்லை.

பதக்கம் நிச்சயம் என்று தெரிந்தா அந்தத் தாய் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினார்? வறுமையிலும் பிள்ளைகள் தலை நிமிர்ந்து ஓட ஓர் இடம் வேண்டும் என்று எண்ணினார். வாடகை அறையில், குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களும், மட்டையோடு வாசலில் நிற்கும் பிள்ளையைத் தடுக்காமல் இருக்கலாம்.