ராமேஸ்வரம் லாட்ஜும் ஒற்றை ஸ்டாரும்: ஒரு சின்னக் கணக்கு

"அண்ணே, இதை அழிக்க முடியுமா? நீங்க கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குறீங்க?"

ராமேஸ்வரத்தில் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் சின்னதாக லாட்ஜ் நடத்தும் என் சின்னம்மா மகன் போனை நீட்டினான். கூகுள் மேப்பில் அவன் லாட்ஜுக்கு அதுவரை 9 ரிவ்யூ, சராசரி 4.7. பத்தாவதாக இந்தியில் ஒன்று வந்திருந்தது, ஒற்றை ஸ்டாரோடு. ரயிலில் வந்து விடியற்காலை 5 மணிக்கு முன்பே லாட்ஜ் வாசலில் நின்றிருக்கிறார்கள். ரூம் புக் பண்ணியிருந்தும் 8 மணி வரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள், கூட வயதான அம்மா வேறு. இதுதான் புகார். சராசரி 4.3 ஆகிவிட்டது.

கடைக்காரர் தானாக எந்த ரிவ்யூவையும் அழிக்க முடியாது. கூகுளின் விதியை மீறியிருந்தால் மட்டும் புகார் கொடுக்கலாம்: கெட்ட வார்த்தை, விளம்பரம், வந்தே இராதவர் எழுதிய போலி, இப்படி. அது நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு ஒன்று உண்டு. "எனக்குப் பிடிக்கல" என்பது காரணம் ஆகாது. "எழுதினது பொய்யாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொய் இல்லண்ணே" என்றான்.

சரி, இந்த ஒரு ஸ்டாரை ஈடுகட்ட எத்தனை 5 ஸ்டார் வேண்டும்? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். முதல் ஒன்பதில் ஆறு பேர் 5, மூன்று பேர் 4. மொத்தம் 42; ஒன்பதால் வகுத்தால் 4.67. அந்த இடத்திலிருந்து பார்த்தால் 1 ஸ்டார் என்பது 3.67 ஆழமுள்ள பள்ளம். புதிதாக வரும் ஒவ்வொரு 5 ஸ்டாரும் அதில் 0.33 அளவுக்குத்தான் மண் போடும். ஆக, 11 பேர் 5 ஸ்டார் தந்தால்தான் பழைய இடத்துக்குத் திரும்ப முடியும்.

இதில் எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம், மொத்தம் எத்தனை ரிவ்யூ என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. சராசரி 4.5 என்றால் 7 பேர் வேண்டும், 4 என்றால் 3 பேர் போதும். பெயர் உயர உயர, விழுந்தால் எழுவது கஷ்டம். பெரிய ஹோட்டலுக்கும் இதே கணக்குதான். ஆனால் 400 ரிவ்யூவோடு 4.5-ல் இருக்கும் ஹோட்டலுக்கு ஒற்றை ஸ்டார் விழுந்தால் 4.49 ஆகும், திரையில் 4.5 என்றேதான் தெரியும். அடி ஒன்றுதான், வலி சின்னவனுக்கு.

இந்த ஸ்டாரெல்லாம் உண்மையிலேயே வியாபாரத்தைப் பாதிக்குமா? அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து மைக்கேல் லூக்கா 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. யெல்ப் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்றார். அந்த விளைவு தனிக் கடைகளில்தான் தெரிந்தது, கிளை கிளையாக இருக்கும் பெரிய நிறுவனங்களில் இல்லை. அவற்றின் பெயரே உத்தரவாதம். பெயர் தெரியாத கடைக்கு ரிவ்யூதான் உத்தரவாதம்.

ராமேஸ்வரம் மாதிரி ஊரில் இது இன்னும் ஒரு படி அதிகம். எங்கள் ஊர் டீக்கடையில் டீ நன்றாக இல்லையென்றால் மறுநாள் போகமாட்டோம். அந்தப் பயமே கடைக்காரரைச் சரியாக வைத்திருக்கும். காசியிலிருந்து வரும் குடும்பம் அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடி பார்த்துவிட்டுப் போனால், பல பேருக்கு அது வாழ்நாளில் ஒரே தடவை. நன்றாகக் கவனித்தாலும் திரும்பி வரப்போவதில்லை, ஏமாற்றினாலும் வரப்போவதில்லை. அந்தக் காலத்தில் ஏற்கெனவே யாத்திரை போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சத்திரத்தில் தங்கலாம் என்று சொல்லி அனுப்புவார். இன்றைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ரிவ்யூ.

அதனால்தான் அதைக் காசு கொடுத்து வாங்கும் ஆசையும் வருகிறது. தம்பிக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்திருந்தது: 25 ஐந்து ஸ்டார் போட்டுத் தருகிறார்களாம். பணம் அனுப்பும் நிலையில் இருந்தான். இது கூகுள் விதிக்கு விரோதம். "நல்ல ரிவ்யூ போட்டால் ரூம் வாடகையில் தள்ளுபடி" என்பதும் விரோதம், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விரோதம். நவம்பர் 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ரிவ்யூ வெளியிடும் தளங்களுக்கானது அது. கட்டாயமில்லாமல், விரும்பிப் பின்பற்றுவதாகத்தான் வந்தது. விலைக்கு வாங்கிய ரிவ்யூவை வெளியிடக் கூடாது என்பது அதில் ஒரு அம்சம். சட்டத்தை விடுங்கள். பொய்யான 25 பேரை நம்பி இன்னொரு வயதான அம்மா அதே நாற்காலியில் 3 மணி நேரம் உட்காருவார். அடுத்த ஒற்றை ஸ்டார் அங்கிருந்து வரும்.

வேறு என்ன செய்யலாம்? பதில் எழுதலாம். புரோசெர்பியோ, செர்வாஸ் என்ற இருவர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், டிரிப் அட்வைசரில் பதில் எழுத ஆரம்பித்த ஹோட்டல்களுக்கு ரிவ்யூ 12 சதவீதம் அதிகமாக வந்தது; மதிப்பீடு சராசரியாக 0.12 ஸ்டார் கூடியது. ஓனர் படிக்கிறார், பதிலும் போடுகிறார் என்று தெரிந்தால், சும்மா போகிறபோக்கில் திட்ட நினைப்பவர் யோசிப்பார்; நிஜமாகவே குறை உள்ளவர் விவரமாக எழுதுவார்.

தம்பி முதலில் எழுதி வைத்திருந்த பதில் இது: "செக் இன் 8 மணி என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம். படிக்காமல் வந்தது உங்கள் தவறு." சட்டப்படி சரி. ஆனால் இதைப் படிக்கப்போவது யார்? திட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அடுத்த மாதம் ரூம் தேடும் ஒரு குடும்பம்தான் படிக்கும். சண்டைக்காரன் என்று அவர்கள் நினைத்தால் முடிந்தது.

தவறு எங்கே என்று பேசியபோது காரணம் கிடைத்தது. பழைய பாம்பன் பாலத்தில் டிசம்பர் 2022-ல் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 6 ஏப்ரல் 2025-ல். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. விடியற்காலைக் கூட்டத்துக்கு அப்பா காலத்தில் செய்து வைத்திருந்த ஏற்பாடெல்லாம் லாட்ஜில் விட்டுப்போயிருந்தது. ரயில் திரும்பி வந்தது, ஏற்பாடு வரவில்லை. ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணிக்கு. அதைப் பார்க்க வருகிறவர் 8 மணி வரை எப்படிக் காத்திருப்பார்?

கீழே சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, பாத்ரூமைச் சரி பண்ணி, பையை வைத்துப் பூட்ட அலமாரியும் போட்டான். அதன் பிறகுதான் பதில் போட்டோம், இந்தியிலும் ஆங்கிலத்திலும்: "அம்மாவைக் காக்க வைத்தது எங்கள் தவறு. மன்னிக்கவும். ரூம் 8 மணிக்குத்தான் கிடைக்கும், அதை மாற்ற முடியவில்லை. ஆனால் அதற்கு முன் வருபவர்கள் குளித்து, பையை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போக இப்போது கீழே ஒரு அறை இருக்கிறது. கட்டணம் இல்லை."

ரூம் காலி செய்யும் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கச் சொன்னேன்: "எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதுங்க." அதற்குப் பிறகு 12 ரிவ்யூ வந்தன. எட்டு பேர் 5, மூன்று பேர் 4, ஒருவர் 3. இப்போது 4.5. பழைய 4.7 இன்னும் வரவில்லை. அந்த ஒற்றை ஸ்டாரும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஒரு போன் வந்தது. "அஞ்சு மணிக்கு வந்தா குளிக்க இடம் உண்டுன்னு பதில்ல போட்டிருக்கீங்களே, நெஜந்தானா?"

"நெஜந்தாங்க, வாங்க" என்றான் தம்பி.