லினக்ஸ் கருனியில் செயலாக்க அடையாள எண்கள்: ஒதுக்கீடு, மீட்பு, மறுபயன்பாடு

ஆய்வுச் சுருக்கம்

இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனி, இயங்கும் ஒவ்வொரு செயலாக்கத்திற்கும் ஓர் எண்ணை அடையாளமாக அளிக்கிறது. அவ்வெண்ணை ஒதுக்குதல், மீட்டல், மீண்டும் வழங்குதல் ஆகிய மூன்றும் எளிய பணிகளாகத் தோன்றினும், அவற்றில் நேரும் சிறு பிழையும் ஒரு செயலாக்கத்திற்கு உரிய ஆணை மற்றொன்றைச் சென்றடையக் காரணமாகும். லினக்ஸ் கருனி இச்சிக்கலைக் கையாண்ட படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது. பெயராகப் பயன்படும் எண்ணையும் பொருளைப் பற்றிநிற்கும் பிடியையும் வேறுபடுத்துவதே நிலையான தீர்வு என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: கருனி, செயலாக்கம், அடையாள எண், பிட்மேப், ரேடிக்ஸ் மரம், பெயர்வெளி, மறுபயன்பாடு.

1. முன்னுரை

கணினியில் இயங்கும் நிரல் ஒன்றின் உயிருள்ள வடிவமே செயலாக்கம் எனப்படும். ஒரு செயலாக்கத்தை நிறுத்தவோ, அதன் நிலையை அறியவோ, அதற்குச் சமிக்ஞை அனுப்பவோ விரும்பும் பிற நிரல்கள் அதனைச் சுட்டுவதற்கு ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. யூனிக்ஸ் மரபில் அவ்வடையாளம் ஒரு முழு எண்ணாகும். லினக்ஸில் முதற் செயலாக்கம் 1 என்னும் எண்ணைப் பெறுகிறது. இழைகளும் தனித்தனி எண்களைப் பெறுவதால், ஒரே நிரல் நூறு இழைகளுடன் இயங்கும்பொழுது நூறு எண்கள் செலவாகின்றன.

எண்கள் முடிவற்றவை, கருனி ஒதுக்கும் எண்களுக்கோ வரம்பு உண்டு. எனவே இறந்துபட்ட செயலாக்கத்தின் எண் ஒரு காலத்தில் வேறொன்றுக்கு வழங்கப்பட்டே தீரும். எப்பொழுது வழங்குவது, எவ்வளவு விரைவாக வழங்குவது, பழைய எண்ணை நினைவில் வைத்திருப்பவர் ஏமாறாமல் காப்பது எவ்வாறு என்னும் மூன்று வினாக்களே இப்பொருளின் மையமாகும்.

2. வரம்பும் அதன் காரணமும்

1979ஆம் ஆண்டு வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அடையாள எண் 30000ஐ எட்டியதும் மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்பியது. அடுத்த எண்ணைத் தேர்ந்தபின், செயலாக்க அட்டவணை முழுவதையும் நோக்கி, அவ்வெண் வழக்கில் உள்ளதா எனக் கருனி சரிபார்த்தது. அட்டவணை சிறியதாக இருந்ததால் இம்முறை போதுமானதாயிற்று.

லினக்ஸில் இயல்பான உச்சவரம்பு 32768 ஆகும். அதாவது வழங்கத்தக்க மிகப்பெரிய எண் 32767. 64 பிட் கணினிகளில் இவ்வரம்பை 4194304 வரை உயர்த்தலாம். 2019இல் வெளியான சிஸ்டம்டி 243ஆம் பதிப்பு, அத்தகைய கணினிகளில் இவ்வுயர் வரம்பையே இயல்பாக்கியது. இம்மாற்றத்தின் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நொடிக்கு 1000 செயலாக்கங்கள் தோன்றி மறையும் கணினியில், பழைய வரம்பின்படி ஏறத்தாழ 33 நொடிகளில் எண்வரிசை ஒரு சுற்று முடிந்துவிடும். புதிய வரம்பின்படி அச்சுற்று முடிய ஏறத்தாழ 70 நிமிடங்கள் ஆகும். மறுபயன்பாடு நீங்கவில்லை, தள்ளிப்போடப்பட்டுள்ளது.

3. ஒதுக்கீட்டு முறைகளின் வளர்ச்சி

தொடக்ககால லினக்ஸும் செயலாக்கப் பட்டியலை வரிசையாகத் தேடியே வெற்றெண்ணைக் கண்டறிந்தது. பல்லாயிரம் இழைகள் இயங்கும் கணினிகளில் இத்தேடல், பூட்டு ஒன்றைப் பிடித்தவாறே நெடுநேரம் நீண்டது. இதற்கு மாற்றாக, 2003ஆம் ஆண்டு இறுதியில் வெளியான 2.6ஆம் பதிப்பில் பிட்மேப் முறை இடம்பெற்றது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிட். அது 1 எனில் எண் வழக்கில் உள்ளது, 0 எனில் வெற்றாக உள்ளது. 4096 பைட்டுகள் கொண்ட நினைவகப் பக்கம் ஒன்றில் 32768 பிட்டுகள் அடங்கும். ஆகவே இயல்பான வரம்பு முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிற்று. உயர் வரம்பாகிய 4194304க்கு 128 பக்கங்கள் வேண்டும்; அவையும் தேவைப்படும்பொழுதே ஒதுக்கப்பட்டன.

பிட்மேப், ஓர் எண் வெற்றாக உள்ளதா என்பதை மட்டுமே கூறும். அவ்வெண்ணுக்கு உரிய செயலாக்கம் எது என்பதைக் கூறாது. அதற்கெனத் தனியே ஓர் அட்டவணை பேணப்பட்டது. 2018 சனவரியில் வெளியான 4.15ஆம் பதிப்பு, இவ்விரண்டையும் நீக்கி, கருனியின் பிற பகுதிகளில் முன்பே வழங்கிய பொதுவான எண் ஒதுக்கி ஒன்றை ஏற்றது. இவ்வொதுக்கி ரேடிக்ஸ் மரத்தின்மீது அமைந்தது. பொதுவான அமைப்பில் மரத்தின் ஒவ்வொரு கணுவும் 64 கிளைகளைக் கொண்டிருக்கும். அதாவது எண்ணின் 6 பிட்டுகள் ஒரு நிலையைத் தீர்மானிக்கும். 32768 எண்களுக்கு மூன்று நிலைகளும், 4194304 எண்களுக்கு நான்கு நிலைகளும் போதும். எக்கிளையின் கீழ் வெற்றிடம் உள்ளது என்பதைக் கணுவிலேயே குறித்து வைப்பதால், நிரம்பிய கிளைகளுக்குள் இறங்காமலே தேடல் முன்செல்கிறது. எண்ணைத் தேடுவதும் எண்ணுக்குரிய பொருளைத் தேடுவதும் ஒரே மரத்தில் நிகழ்கின்றன.

4. சுழல்முறையும் சிற்றெண் முறையும்

வெற்றெண்களுள் எதனைத் தேர்வது என்பது தனியொரு கொள்கை வினாவாகும். ஒரே கருனி இவ்வினாவிற்கு இரு வேறு விடைகளை அளிக்கிறது.

செயலாக்க எண்களுக்குச் சுழல்முறை பின்பற்றப்படுகிறது. இறுதியாக வழங்கிய எண்ணுக்கு அடுத்து உள்ள வெற்றெண்ணே தேரப்படும். வரம்பை எட்டியதும் தேடல் 300இலிருந்து மீண்டும் தொடங்கும். அதற்குக் கீழுள்ள எண்கள், கணினி தொடங்கும்பொழுது தோன்றி நெடிது வாழும் செயலாக்கங்களால் பெரிதும் நிரம்பியிருக்கும் என்பதே இதற்கு அடிப்படை. இம்முறையால், விடுபட்ட எண் உடனே வேறொன்றுக்குச் செல்லாமல் ஒரு சுற்று முழுவதும் ஓய்வுகொள்கிறது.

திறந்த கோப்புகளைச் சுட்டும் எண்களுக்கோ, வெற்றெண்களுள் மிகச் சிறியதையே வழங்கவேண்டும் என்பது போசிக்ஸ் தரத்தின் விதி. 0 என்னும் எண்ணை மூடிவிட்டு உடனே ஒரு கோப்பைத் திறந்தால், அக்கோப்பே உள்ளீடாக அமையும் என்னும் பழைய நிரலாக்க வழக்கம் இவ்விதியைச் சார்ந்தது. ஆனால் ஒரு நிரலின் இழையொன்று மூடிய எண்ணை, மற்றோர் இழை அடுத்த கணமே பெறக்கூடும். முன்னதை இன்னும் நினைவில் வைத்திருக்கும் மூன்றாம் இழை, தவறான கோப்பில் எழுதிவிடும். சிற்றெண் முறை அட்டவணையைச் சிறியதாக வைக்கிறது. சுழல்முறை தவறான சந்திப்பைத் தாமதிக்கிறது. இரண்டும் ஒருங்கே கிட்டுவதில்லை.

5. ஒதுக்கலும் வெளிப்படுத்தலும்

எண்ணை ஒதுக்கிய கணத்திலேயே அது பிறர் கண்ணில் படுமாயின், முழுமையாக உருப்பெறாத செயலாக்கத்தைப் பிற நிரல்கள் அணுகிவிடும். ஆகவே லினக்ஸ் இருபடி முறையைக் கையாள்கிறது. முதற்படியில் மரத்தில் இடம் மட்டும் பிடிக்கப்படுகிறது. அவ்விடத்தில் வெற்றுச் சுட்டியே வைக்கப்படும். அந்நிலையில் எண்ணைத் தேடுபவருக்கு ஒன்றும் கிட்டாது. எனினும் அவ்வெண் வேறெவருக்கும் வழங்கப்படாது. அடையாளத்திற்குரிய தரவுகள் யாவும் நிறைவுற்ற பின்னரே இரண்டாம் படியில் உண்மையான சுட்டி அவ்விடத்தில் பதிக்கப்படுகிறது.

2008 சனவரியில் வெளியான 2.6.24ஆம் பதிப்பில் இடம்பெற்ற பெயர்வெளிகள் இப்பணியைப் பன்மடங்காக்கின. கொள்கலன் ஒன்றினுள் 1 என விளங்கும் செயலாக்கம், வெளியே 5120 என விளங்கலாம். பெயர்வெளிகள் 32 நிலைகள் வரை ஒன்றனுள் ஒன்றாக அமையலாம். புதிய செயலாக்கத்திற்கு அதன் உள்நிலை தொடங்கி வேர்நிலை வரை ஒவ்வொன்றிலும் ஓர் எண் வேண்டும். இடையில் ஒரு நிலையில் எண் கிட்டாவிடின், அதுவரை பெற்றவை அனைத்தும் திருப்பப்பட்டு, செயலாக்கத்தின் பிறப்பே கைவிடப்படுகிறது.

6. மீட்பின் நுட்பம்

செயலாக்கம் முடிந்த கணத்தில் அதன் எண் விடுபடுவதில்லை. அதன் முடிவுநிலையைத் தாய்ச் செயலாக்கம் பெற்றுக்கொள்ளும் வரை அது ஸோம்பி என்னும் நிலையில் எண்ணைத் தாங்கி நிற்கிறது. இது பலரும் கருதுவதுபோல் வெறும் எச்சமன்று; ஒரு பாதுகாப்பு. சேயின் எண் வேறொன்றுக்குச் சென்றிருக்காது என்னும் உறுதி தாய்க்கு இதனாலேயே கிட்டுகிறது. இவ்வாறே, குழுத்தலைவனாக விளங்கிய செயலாக்கம் மறைந்தாலும், அக்குழுவில் ஓர் உறுப்பேனும் எஞ்சியுள்ளவரை அவ்வெண் மீண்டும் வழங்கப்படாது.

இவ்வுறுதி தாய்க்கு மட்டுமே உரியது. எண்ணைக் கோப்பில் குறித்துவைத்துப் பின்னர் அதற்குச் சமிக்ஞை அனுப்பும் மூன்றாம் நிரலுக்கு எவ்வுறுதியும் இல்லை. குறித்த நேரத்திற்கும் அனுப்பும் நேரத்திற்கும் இடையே எண் கைமாறியிருப்பின், தொடர்பற்ற செயலாக்கம் ஒன்று கொல்லப்படும்.

இக்குறையை ஈடுசெய்ய, எண்ணுடன் தொடக்க நேரத்தையும் இணைத்து அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் தோன்றியது. அனுமதி வழங்கும் போல்கிட் மென்பொருள் இம்முறையைப் பயன்படுத்தியது. சி.வி.இ-2019-6133 எனப் பதிவான குறைபாடு இதன் போதாமையைக் காட்டிற்று. புதிய செயலாக்கத்தின் தொடக்க நேரத்தைக் கருனி முன்னரே குறித்துக்கொண்டது. எண்ணைப் பின்னரே ஒதுக்கியது. இவ்விரண்டிற்கும் இடையில் பிறப்பை நிறுத்திவைத்து, எண்வரிசை ஒரு சுற்று முடிந்தபின் தொடரச் செய்தால், முன்பு வாழ்ந்த செயலாக்கம் ஒன்றின் எண்ணும் தொடக்க நேரமும் புதியதற்கு அப்படியே அமையும். அச்செயலாக்கம் பெற்றிருந்த அனுமதியும் அதனுடன் சேரும். தொடக்க நேரத்தைப் பிற்பட்ட கட்டத்தில் குறிக்குமாறு கருனி திருத்தப்பட்டது.

7. பெயரும் பிடியும்

கருனி தன் உள்ளகத்தில் இச்சிக்கலை முன்பே தீர்த்திருந்தது. எண்ணை நினைவில் வைத்தால் மறுபயன்பாட்டால் ஏமாற நேரும். செயலாக்கத்தின் முழுத் தரவமைப்பையும் பற்றிநின்றால், இறந்ததன் பொருட்டுப் பல கிலோபைட் நினைவகம் வீணாகும். எனவே அடையாளத்திற்கெனவே ஒரு சிறு தரவமைப்பு உருவாக்கப்பட்டது. அதனைப் பற்றிநிற்போர் எத்தனைபேர் என எண்ணிக்கை பேணப்படுவதால், கடைசிப் பிடி விடுபடும்வரை அது அழிவதில்லை. எண் வேறொன்றுக்குச் சென்றாலும், பழைய பிடி புதியதைச் சுட்டாது.

2019இல் இவ்வசதி பயனர் நிரல்களுக்கும் திறந்துவிடப்பட்டது. செயலாக்கத்தைச் சுட்டும் கோப்பு எண்ணின் வழியே சமிக்ஞை அனுப்புதல் 5.1ஆம் பதிப்பிலும், பிறப்பின்போதே அத்தகைய பிடியைப் பெறுதல் 5.2ஆம் பதிப்பிலும், இயங்கும் செயலாக்கத்திற்குப் பிடி திறத்தல் 5.3ஆம் பதிப்பிலும் அமைந்தன. சுட்டப்பட்ட செயலாக்கம் மறைந்திருப்பின், பிடியின்வழி அனுப்பும் ஆணை பிழையாகத் திரும்புமேயன்றிப் பிறிதொன்றைத் தாக்காது. ஆயினும், எண்ணைக் கொண்டு பிடியைத் திறக்கும் கணத்தில் பழைய இடர் எஞ்சியே உள்ளது. பிறப்பின்போதே பிடியைப் பெறுவதோ, திறந்தபின் அது உரிய செயலாக்கமே எனச் சரிபார்ப்பதோ அவ்விடரை நீக்கும்.

8. முடிவுரை

யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் நேர்த்தேடல் முதல் ரேடிக்ஸ் மரம் வரை, ஒதுக்கீட்டின் விரைவு பெரிதும் வளர்ந்துள்ளது. எனினும் விரைவு, எண் யாரைச் சுட்டுகிறது என்னும் ஐயத்தைத் தீர்க்கவில்லை. வரம்பை உயர்த்துதலும் சுழல்முறையும் தவறான சந்திப்பை அரிதாக்குகின்றன. அரிதாதல் வேறு, இயலாமற்போதல் வேறு. தீங்கு விளைவிக்க முனைவோர், அரிதான சந்திப்பை வேண்டுமென்றே உருவாக்கவல்லவர் என்பதைப் போல்கிட் நிகழ்வு காட்டுகிறது. மனிதர் வாசிக்கவும் தட்டச்சிடவும் எண் போதும். ஆணையிடவும் அனுமதி வழங்கவும், அழியும்வரை ஒன்றையே சுட்டும் பிடி வேண்டும். புதிதாக அடையாள ஒதுக்கியை வடிவமைப்போர் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே கருத்திற்கொள்ளுதல், பின்னர் திருத்துவதினும் எளிது.