ஈறும் ஒலிப்பும்

மேற்பற்களுக்குப் பின்னே, ஈறு போர்த்திய எலும்புமேட்டை மொழியியலார் நுனியண்ணம் என்பர். னகரம் பிறக்குமிடம் அதுவே. அம்மேட்டின் அமைப்பும் ஈற்றின் தடிப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இனங்களுக்கிடையேயும் ஓரளவு வேறுபாடு உண்டு.

போட்சுவானாவில் சொடுக்கொலிகள் மிகுந்த கோய்சான் மொழியொன்றைப் பேசுவோர் சிலரிடம் அம்மேடு புடைப்பின்றி இருப்பதை அந்தோணி டிரெயில் 1985இல் பதிவு செய்தார். அவ்வாயமைப்பு உடையோர்க்கே அவ்வொலிகள் உரியன எனலாமா? ஆகாது. கோய்சான் மக்களிடமிருந்து அவற்றைக் கடன்பெற்ற சூலு மக்கள் பாண்டு மொழியினர்; அவர்தம் குழந்தைகள் அவற்றை இயல்பாக ஒலிக்கின்றனர். வாயமைப்பு ஓர் ஒலியை எளிதாக்கலாம். பிறர்க்கு அதனைத் தடுப்பதில்லை.

ழகரம் வாராத மாணவரிடம், ‘உன் வாய் அப்படி’ என்னாதீர். நாநுனியை வளைத்து உயர்த்தி, அண்ணத்தை அழுத்தாது ஒலிக்கப் பழக்குங்கள்.