போலீஸ்காரருக்கும் லைசென்ஸ்

அமெரிக்காவில் போலீஸ்காரரை வேலைக்கு எடுப்பதும் வேலையிலிருந்து நீக்குவதும் பெரும்பாலும் அந்தந்த ஊரின் பொறுப்பு. நகரப் போலீஸ், கவுண்டி ஷெரீஃப் அலுவலகம், மாநில நெடுஞ்சாலை ரோந்துப் படை, பல்கலைக்கழகப் போலீஸ் என நாடெங்கும் ஏறத்தாழ 18,000 அமைப்புகள் தனித்தனியாக இயங்குகின்றன. ஊர்ப் போலீஸ் துறைகளில் கிட்டத்தட்டப் பாதியில் பத்துப் பேர்கூடக் கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தலைமையகம் இல்லை. எனவே ஒருவர் போலீஸ் ஆக என்ன தகுதி வேண்டும், எவ்வளவு பயிற்சி வேண்டும், எந்தத் தவறைச் செய்தவர் இனி எங்குமே அந்த வேலையைப் பார்க்க முடியாது என்பவற்றை மாநிலங்களே விதிகளாக வகுக்கின்றன. 2020க்குப் பிறகு பல மாநிலங்கள் இந்த விதிகளைத் திருத்தி எழுதியிருக்கின்றன.

இதற்கான மாநில அமைப்புகள் முதலில் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 1959இல் தோன்றின. தொடக்கத்தில் அவற்றின் வேலை பயிற்சிக்கு ஒரு குறைந்தபட்ச அளவை நிர்ணயிப்பதுதான். மினசோட்டா மாநிலம் 1977இல் ஒரு படி மேலே போனது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் போலீஸ்காரருக்கும் மாநில உரிமம் வேண்டும் என்று சட்டம் இயற்றி, அதை வழங்க ஒரு வாரியத்தை அமைத்தது. நாட்டிலேயே அதுதான் முதல் உரிம வாரியம். வேலையிலிருந்து ஒரு துறை நீக்கினால் அந்த வேலை மட்டும்தான் போகும். உரிமத்தை மாநிலம் ரத்து செய்தால் அந்த மாநிலத்தில் அந்தத் தொழிலே போய்விடும். திருத்தங்கள் அனைத்தும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடக்கின்றன.

வேலையை மட்டும் பறித்தால் போதாது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஓரிடத்தில் நீக்கப்பட்டு இன்னோர் ஊரில் சேரும் போலீசாரைப் பற்றி பென் கிரன்வால்ட், ஜான் ராப்பபோர்ட் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் ஃபுளோரிடாவின் முப்பதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். எந்த ஆண்டை எடுத்தாலும் அந்த மாநிலப் போலீசாரில் சுமார் 3 சதவீதம் பேர் முன்பு வேறொரு துறையால் நீக்கப்பட்டவர்கள். புதிய இடத்திலும் அவர்கள் நீக்கப்படுவதற்கும் புகாருக்கு உள்ளாவதற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. கிளீவ்லாந்தில் 2014 நவம்பரில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவன் டாமிர் ரைஸைச் சுட்டுக்கொன்ற காவலர், அதற்கு முன் இண்டிபெண்டன்ஸ் என்ற சிறு நகரின் போலீசில் இருந்தவர். அவருடைய மனநிலை இந்த வேலைக்குப் பொருந்தாது என்று மேலதிகாரிகள் அங்கே எழுதி வைத்திருந்தனர். அந்தக் கோப்பைக் கிளீவ்லாந்து போலீஸ் பார்க்கவே இல்லை. சிறுவனின் சாவுக்குப் பிறகும் வேறு மாநிலங்களின் சிற்றூர்கள் அவரை வேலைக்கு எடுத்தன. ஊர்மக்கள் எதிர்த்தபோதுதான் அவர் விலகினார்.

முதல் உரிம வாரியம் பிறந்த மினசோட்டாவிலேயே உரிம முறையின் பலவீனமும் வெளிப்பட்டது. அங்கே போலீஸ் ஆகக் குறைந்தபட்சம் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பும் வாரியத் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க 48 மணி நேரத் தொடர் பயிற்சியும் வேண்டும். காகிதத்தில் இது நாட்டின் கண்டிப்பான விதிகளில் ஒன்று. ஆனால் குற்ற வழக்கில் தண்டனை பெற்ற போலீசார் பலர் வாரியத்தின் நடவடிக்கை எதுவுமின்றிப் பணியில் தொடர்ந்ததை ஸ்டார் ட்ரிப்யூன் நாளிதழ் 2017இல் புலனாய்வு செய்து வெளியிட்டது. நீதிமன்றத் தண்டனை இருந்தால்தான் பெரும்பாலும் வாரியத்தால் தலையிட முடியும். போலீசார் மீதான வழக்குகள் தண்டனையில் முடிவதோ அரிது.

அந்த மாநிலத்தின் பயிற்சியிலும் கோளாறு இருந்தது. 2016 ஜூலையில் ஃபால்கன் ஹைட்ஸ் பகுதியில் காரை நிறுத்திச் சோதித்த காவலர், தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதாகத் தானே முன்வந்து சொன்ன ஃபிலாண்டோ காஸ்டிலைச் சுட்டுக்கொன்றார். எதிரே வருபவர் எவரும் கொல்லக்கூடியவரே என்ற அச்சத்தை ஊட்டும் ‘போர்வீரர்’ பாணிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் அந்தக் காவலர் முன்பு கலந்துகொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் வழக்கிலிருந்து விடுதலையானார். அதே ஆண்டு சட்டமன்றம், மூன்றாண்டுக்கான 48 மணி நேரத்தில் 16 மணி நேரத்தை மனநெருக்கடியில் இருப்பவர்களைக் கையாள்வது, மோதலைத் தணிப்பது, பல இன மக்களோடு பழகுவது ஆகியவற்றுக்கு ஒதுக்கியது.

2020 மே 25 அன்று மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்ற டெரெக் சாவின் என்ற காவலர் மீது பத்துக்கும் மேற்பட்ட புகார்கள் ஏற்கெனவே இருந்தன. அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் புதியவர்களுக்குக் களப்பயிற்சி தரும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அன்று உடனிருந்த இரு இளம் காவலர்கள் பயிற்சி முடித்துச் சில நாள்களே ஆனவர்கள்; அவர்களில் ஒருவர் சாவினிடமே பயின்றவர். சக காவலர் அத்துமீறினால் தடுக்க வேண்டும் என்ற விதி மினியாபோலிஸ் போலீசில் 2016 முதலே இருந்தும் யாரும் சாவினைத் தடுத்து நிறுத்தவில்லை. மூத்தவரின் கையைப் பிடித்துத் தடுக்கும் துணிவு, வகுப்பறையில் ஒருமுறை கேட்ட பாடத்தால் வந்துவிடாது. இந்தச் சம்பவத்திலிருந்து கற்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது இதுவே.

இரண்டே மாதத்தில் மினசோட்டா புதிய சட்டம் கொண்டுவந்தது. உயிரைப் பறிக்கும் அளவு பலத்தைப் பயன்படுத்த நியாயம் இருந்தாலொழிய கழுத்தை நெரிப்பது தடை செய்யப்பட்டது. அத்துமீறலைத் தடுப்பதும் அதை மேலிடத்துக்குத் தெரிவிப்பதும் மாநிலம் முழுவதும் சட்டக் கடமையாயின. போர்வீரர் பாணிப் பயிற்சிக்குத் தடை வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களை அணுகும் முறையும் பாடத்தில் சேர்ந்தது. உரிம வாரியமும் தன் விதித்தொகுப்பைத் திருத்தும் வேலையில் இறங்கியது. 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, நீதிமன்றத் தண்டனை இல்லாவிட்டாலும் நடத்தை விதிகளை மீறியதற்காக உரிமத்தின் மீது வாரியம் நடவடிக்கை எடுக்கலாம். வெறுப்பையும் தீவிரவாதத்தையும் பரப்பும் குழுக்களில் சேர்வதும் அவற்றை ஆதரிப்பதும் உரிமத்துக்குத் தடையாயின.

கலிபோர்னியாவின் நிலை வேறு. பயிற்சி அளவுகளை முதலில் வகுத்த அந்த மாநிலத்திலேயே 2021 வரை போலீஸ்காரரின் தகுதியை ரத்து செய்ய வழி இல்லை. நியூஜெர்சி, ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகியவையும் அப்படியே. 2018இல் கார்டீனா நகரப் பூங்காவில் சுட்டுக்கொல்லப்பட்ட 25 வயது கென்னத் ராஸின் பெயரால் 2021 செப்டம்பரில் அதற்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. அவரைச் சுட்ட காவலர் வேறொரு நகரப் போலீசில் இருந்தபோதும் துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களில் ஈடுபட்டவர். பொய் சொல்வது, அதிகார துஷ்பிரயோகம், பாலியல் அத்துமீறல், இனப்பாகுபாடு, போலீசாருக்குள்ளேயே கும்பல் அமைப்பது, சக காவலரின் அத்துமீறலைத் தடுக்கத் தவறுவது ஆகியவை இச்சட்டப்படி கடும் தவறுகள். தகுதியை ரத்து செய்யப் பரிந்துரைக்கும் ஒன்பது பேர் குழுவில் போலீஸ் பின்னணி உள்ளவர்கள் இருவர் மட்டுமே. போலீஸ் வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் இரண்டு இடங்களில் முன்னுரிமை உண்டு. விசாரணை முடியும் முன்னே ராஜினாமா செய்து நழுவும் பழைய வழியும் அடைக்கப்பட்டது: காவலர் விலகினாலும் துறை விசாரணையை முடித்தே ஆக வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு உண்டு. தன் தரப்பைச் சொல்ல அவர் விசாரணை கோரலாம். தெளிவான, உறுதியான சான்று இருந்தால்தான் தகுதி ரத்தாகும். அதற்கு மாநில ஆணையத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும்.

மாசசூசெட்ஸ் 2020 டிசம்பர் கடைசி நாளில் இதற்கெனத் தனி ஆணையம் அமைத்தது. பணியில் இருந்த எல்லாப் போலீசாரையும் குடும்பப் பெயரின் எழுத்து வரிசைப்படி மூன்று பிரிவாக்கி, மூன்றாண்டுகளில் மறுபரிசீலனை செய்தது. நியூஜெர்சியில் உரிம முறை 2024 ஜனவரியில் தொடங்கியது.

டெக்சாஸில் 2015 ஜூலையில் சிறு போக்குவரத்து மீறலுக்காக நிறுத்தப்பட்டுக் கைதான சாண்ட்ரா பிளாண்ட், மூன்றாம் நாள் சிறையில் இறந்துகிடந்தார். கைது செய்த அதிகாரி மீதான பொய்ச்சாட்சி வழக்கு, இனி எப்போதும் போலீஸ் வேலை பார்க்கமாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டபின் கைவிடப்பட்டது. பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கி 2017இல் பிளாண்டின் பெயரில் சட்டம் வந்தது. எனினும் மாநிலத்தின் போலீஸ் ஒழுங்குமுறை பல்லில்லாதது என்று சட்டமன்றத்தின் ஆய்வுக் குழுவே 2020இல் எழுதியது. போலீசாருக்கு உரிமம் தரும் மாநில ஆணையத்தின் அதிகாரத்தைக் கூட்டும் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது. 2022இல் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, கூடியிருந்த போலீசார் 77 நிமிடம் கழித்தே கொலையாளியைச் சுட்டு வீழ்த்தினர். இப்போது இரண்டாண்டுக்கான 40 மணி நேரத் தொடர் பயிற்சியில் 16 மணி நேரம் இத்தகைய தாக்குதலை எதிர்கொள்வதற்கே.

இத்தனைக்குப் பிறகும் அடிப்படைப் பயிற்சியின் காலம் குறைவுதான். 2018 கணக்குப்படி பயிற்சிப் பள்ளிகளின் சராசரி 833 மணி நேரம். அதில் துப்பாக்கிப் பயிற்சிக்கு மட்டும் 73 மணி நேரம். கலிபோர்னியா விதிக்கும் குறைந்தபட்சம் 664 மணி நேரம். அதே மாநிலத்தில் முடிதிருத்தும் உரிமத்துக்கு 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். ஆள் பற்றாக்குறையால் எதிர்த்திசை நெருக்கடியும் இருக்கிறது: மினசோட்டாவே 2023இல், வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் விரைவாகப் போலீஸ் ஆகக் குறுகிய காலத் தீவிரப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

மாநில எல்லையைத் தாண்டினால் விதியின் பிடி தளர்கிறது. தகுதி இழந்தவர்களின் தேசியப் பட்டியல் ஒன்றை மாநில வாரியங்களின் சங்கம் பராமரிக்கிறது. அதில் பெயர்களைச் சேர்ப்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். மத்திய அரசின் போலீசாருக்கான தவறுப் பதிவேடு 2023 டிசம்பரில் தொடங்கி, ஆட்சி மாறியதும் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. ஓர் ஊர் புதிதாக ஆள் எடுக்கும்போது, அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக் கோப்பை வரவழைத்துப் படிக்கும் பொறுப்பு இன்றும் அந்த ஊர்ப் போலீஸ் தலைவரிடமே இருக்கிறது.