பாட்டியின் கேள்வியோடு கடாரம் போனேன்

தினமும் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். போன மாதம் ஒருநாள், “நீங்கள் போன முதல் வெளிநாட்டுப் பயணம் எது?” என்று கேட்டேன். துபாய், சிங்கப்பூர், கொழும்பு என்று வரிசையாக அழைப்புகள். கடைசியாகப் பேசிய கல்லூரி மாணவி, “நீங்க எங்க போனீங்க அக்கா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டார். ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். பாட்டு ஆரம்பிப்பதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே சொல்கிறேன்.

2012 மே மாதம். திருச்சியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். தோழிகள் சென்னைக்கு இன்டர்ன்ஷிப் போனார்கள். நான் மலேசியாவுக்குக் கிளம்பினேன். இரட்டைக் கோபுரம் பார்ப்பதற்காக அல்ல, கெடா மாநிலத்துக்கு. டிக்கெட் காசு பாட்டியின் சீட்டுப் பணம். அதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: “எங்கப்பா என்ன ஆனாருன்னு கேட்டுட்டு வா.”

பாட்டி நான்கு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, 1937ல், அவருடைய அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியோடு கப்பல் ஏறினார். அதற்கு அடுத்த ஆண்டே, கூலித் தொழிலாளர்களை உதவிப் பணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை அன்றைய இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் அவர் போயே இருக்க மாட்டார். பதினொரு கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதம் 1941ல். அதன்பின் ஒன்றுமில்லை. “அங்கேயே ஒருத்தியக் கட்டிக்கிட்டு எங்கள மறந்துட்டாரு” என்பதுதான் வீட்டில் எல்லோரும் நம்பிய கதை. கொள்ளுப்பாட்டி மட்டும் சாகும்வரை நெற்றிக் குங்குமத்தை அழிக்கவில்லை.

வெள்ளியும் மோட்டாரும்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து வடக்கே பேருந்தில் சுங்கை பட்டாணி. தூரத்து உறவில் ஓர் அத்தை வீடு. மாமா கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அத்தை இளவயதில் பால்மரம் சீவியவர்.

முதல்நாள் காலை அத்தை கேட்டார்: “பசியாறிட்டியாம்மா?” “பசிக்கலையே அத்தை” என்றேன். அவர் சிரித்தார். அங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. சந்தையில் கடைக்காரர் “அஞ்சு வெள்ளி” என்றதும் விழித்தேன். அவர்களுடைய ரிங்கிட்தான் வெள்ளி. “மோட்டார் எடுத்துட்டு வர்றேன்” என்று மாமா போனபோது தண்ணீர் மோட்டார் ஏதோ பழுது என்று நினைத்தேன். வாசலில் பைக்கோடு வந்து நின்றார். தெரு அங்கே சடக்கு, கார் காடி. நாம் பேசுவதுதான் தமிழ் என்ற என் எண்ணம் ஒரே வாரத்தில் காணாமல் போனது.

அடுக்களையில் காலை முதல் மின்னல் எஃப்.எம். ஓடிக்கொண்டே இருக்கும். அத்தை சமைத்தபடியே அறிவிப்பாளரோடு பேசுவார். அவர் கேட்கும் கேள்விக்கு இங்கிருந்தே பதில் சொல்வார். வானொலி வேலை எப்படிப்பட்டது என்று எந்த வகுப்பிலும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

ஒருநாள் விடியலுக்கு முன் அத்தையின் தங்கையோடு கித்தாக்காட்டுக்குப் போனேன். நெற்றியில் விளக்கு, கையில் சீவுகத்தி. பட்டையை மெல்லிசாக, சாய்வாகச் சீவ வேண்டும். ஆழம் அதிகமானால் மரம் காயப்படும், குறைந்தால் பால் இறங்காது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால்தான் இருட்டிலேயே வேலை. கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துத் தனியாகப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பத்து மரம் நடப்பதற்குள் கொசு என்னைத் தின்றுவிட்டது. “மழ பேஞ்சா வேல இல்ல, வேல இல்லன்னா காசு இல்ல. அந்தக் காலத்துல வானத்தப் பாத்துக்கிட்டேதான் எழுந்திருப்போம்” என்றார் சின்னத்தை. பாட்டியின் அப்பா இந்த இருட்டில்தான் நடந்திருப்பார் என்று அப்போது தோன்றியது. அதுவரை அவர் எனக்கு ஒரு கதை மட்டும்தான்.

கடாரம் கொண்டவர்களும் வந்தவர்களும்

ஒரு சனிக்கிழமை மாமா என்னை மெர்போக்குக்கு அழைத்துப் போனார். 1,217 மீட்டர் உயரமான ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதியில் அகழாய்வு செய்தார். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை எழுதியிருக்கிறார். அந்தக் கடாரம் இந்தக் கெடாதான் என்பது பல வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. அவர் மகன் ராஜேந்திரனோ 1025ல் இங்கே கடற்படை அனுப்பினார்.

பள்ளியில் ‘கடாரம் கொண்டான்’ என்று படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கற்களுக்கு முன் நின்றபோது பெருமையோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. படையோடு வந்தவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தகரப் பெட்டியோடு வந்தவர்களின் பெயர் எங்கே? அடுத்த ஆண்டே, அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்து தோட்டத்திலிருந்த பழங்கோயில் ஒன்றை வீட்டுமனைக்காக இடித்துவிட்டார்கள் என்று செய்தி படித்தேன். கல்லுக்கே அந்தக் கதி.

பீடோங், கெடா

கடிதங்களில் தோட்டத்தின் பெயர் இருந்த மூலை மழையில் கரைந்து போயிருந்தது. ‘பீடோங், கெடா’ என்பது மட்டும் மிச்சம். மாமாவுக்கு ஓய்வு கிடைத்த நாளெல்லாம் மோட்டாரில் பீடோங் சுற்றுவட்டாரத்தில் தேடினோம். பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் தாமான்களாக, அதாவது குடியிருப்புகளாக மாறிவிட்டன. லயன் வீடுகள் இருந்த இடத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்பதைப் பார்த்தேன். கோயில் இருந்தால் அங்கே ஒரு பெரியவர் இருப்பார் என்பது மாமாவின் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. மூன்றாவது வாரத்தில் 83 வயதுத் தாத்தா ஒருவரைக் கண்டுபிடித்தோம். உட்கார்ந்ததும் ரெக்கார்டரை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, “1941ல என்ன நடந்துச்சு தாத்தா?” என்றேன். அவர் வாயே திறக்கவில்லை. ‘ஞாபகம் இல்ல’ என்று கையசைத்தார். திரும்பி வரும் வழியில் மாமா சொன்னார்: “நீ கேக்கறப்ப போலீஸ்காரன் மாதிரி இருந்துச்சும்மா.”

மறுநாள் அத்தை ஒரு தூக்கில் கோழிக்கறி எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். சாப்பிட்டோம். அவருடைய பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேசினோம். நான் துறையூர்க்காரி என்று சொன்னதும் தாத்தா நிமிர்ந்தார். அவருடைய அம்மாவுக்கு முசிறி. பிறகு அவராகவே, “அந்த மெசின வச்சுக்கம்மா” என்றார்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். கடிதப் போக்குவரத்து நின்றது. பிறகு, சயாமில் ரயில் பாதை போடுகிறோம், நல்ல சம்பளம் என்று ஆள் எடுத்தார்கள். ஆள் குறைந்தபோது கட்டாயமாக ஏற்றினார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை அது. போர்க் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களின் தமிழர்களும் ஆயிரம் ஆயிரமாக அங்கே காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். “எங்க லயத்துலருந்து பதினாலு பேரு லோரில ஏறுனாங்க. எனக்குப் பதிமூணு வயசு. ரெண்டு பேருதான் திரும்பி வந்தாங்க” என்றார் தாத்தா.

பாட்டியின் அப்பா பெயரைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்தார். “அந்தப் பேருல எங்க தோட்டத்துலயே ரெண்டு பேரு இருந்தாங்கம்மா. ரெண்டு பேரும் லோரில ஏறுனாங்க. அதுல உங்காளு இருந்தாரான்னு நான் எப்படிச் சொல்வேன்?”

அவர் சொன்னது அதோடு முடியவில்லை. போர் முடிந்ததும் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம்.சாமி தொடங்கிய தொண்டர் படையில், பதினேழு வயதில் சேர்ந்தாராம். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து அவர்கள் மறியல் செய்தார்கள். 1947ல் பீடோங்கில் போலீசோடு மோதல் நடந்தது. “கூலி வாங்குன கையோட கள்ளுக்கடைக்குப் போனா, ஊருக்கு எப்படிக் காசு அனுப்பறது? எத்தன கடுதாசி அதனால நின்னுச்சு தெரியுமா?” என்றார். கடிதம் நின்றுபோக எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் 70 ஆண்டுகளாக ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாட்டிக்கு என்ன சொன்னேன்?

திரும்பும் விமானத்தில் எனக்கு ஒரே குழப்பம். ‘ஆமாம் பாட்டி, அவர்தான். சயாமில் செத்துப்போனார்’ என்று ஒரு பொய் சொன்னால் அவர் மனம் ஆறும். சாட்சி சொல்ல யாரும் வரப்போவதில்லை. ஆனால், அந்தத் தாத்தாவே சொல்லத் துணியாத ஒன்றை நான் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். “உறுதியாத் தெரியல பாட்டி. ஆனா மறந்துட்டாருன்னு மட்டும் நம்மளால சொல்ல முடியாது.” ரெக்கார்டரைப் போட்டேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். ‘ரெண்டு பேருதான் திரும்பி வந்தாங்க’ என்ற இடத்தை மறுபடி போடச் சொன்னார். அப்புறம், “எங்கம்மா பொட்டு வச்சிக்கிட்டதுக்கு ஊரே சிரிச்சுது. நானும் சண்டை போட்டிருக்கேன்” என்றார். வேறெதுவும் பேசவில்லை.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு அப்பா அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்பியபோது, பாட்டி ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார். இறந்ததாக யாரும் சொல்லாததால் அதுவரை எங்கள் வீட்டுத் தர்ப்பணத்தில் சொல்லாத பெயர் அது.

இப்போது கோடை விடுமுறையில் வெளிநாடு போகும் பிள்ளைகள் அதிகம். விடுதியில் தங்குங்கள், ஊர் சுற்றுங்கள், படம் எடுங்கள். முடிந்தால் சில நாள் யார் வீட்டிலாவது தங்கி, அவர்கள் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரியவர்களைப் பேசச் சொல்வதற்கு முன் அவர்களோடு பசியாறுங்கள். கிளம்புவதற்கு முன், வீட்டின் மூத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அங்க நம்மாளுங்க யாராவது போனாங்களா?”

தொலைபேசியில் கேட்ட தங்கைக்கு இதுதான் என் பதில். பாட்டி இப்போது இல்லை. அந்தப் பதினொரு கடிதங்களும் அந்த ஒலிப்பதிவும் என் அலமாரியில் ஒரே பெட்டியில் இருக்கின்றன.